பொண்ணு கேட்டு யாரை அனுப்பலாம்? பழைய ஏற்பாட்டுத் தூதுகளை வச்சு ஒரு ஒப்பீடு

பழைய ஏற்பாட்டுல கல்யாணப் பேச்சு வர்ற இடங்கள எல்லாம் ஒண்ணா எடுத்து வச்சு படிச்சீங்கன்னா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியும், மாப்பிள்ளை தானா போய் பொண்ணு கேக்கறது ரொம்ப கம்மி, பெரும்பாலும் நடுவுல யாராவது ஒருத்தர் இருப்பாங்க, அது வீட்டு ஊழியக்காரரா இருக்கும், அப்பாவா இருக்கும், ராஜாவோட ஆட்களா இருக்கும், ஒரு இடத்துல ராஜமாதாவே தூது போறாங்க. இத வச்சு "அந்தக் காலத்துல எல்லாம் பெரியவங்க பேசி முடிச்சதுதான், பொண்ணுக்கு அதுல பேச்சே கிடையாது"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அது ஒத்துக்க முடியல. அந்த தூதுகளுக்குள்ளயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கு. ஒண்ணுல பொண்ணைக் கூப்பிட்டு நேராவே கேக்கறாங்க, இன்னொண்ணுல பொண்ணு எங்க இருக்காங்கறதே பேச்சுல வரல.

அதனால இத ஒரு முடிவு எடுக்கிற விஷயமாவே வச்சுப் பாக்கலாம். நீங்க அந்தக் காலத்து கானான்ல கூடாரம் போட்டு ஆடு மாடு ஒட்டகம் வச்சிருக்கிற ஒரு அப்பா, பையனுக்கு வயசு ஏறிட்டே போகுது, சொந்தக்காரங்க எல்லாம் ரொம்ப தூரத்துல. யாரை அனுப்புவீங்க? எதை வச்சு அத முடிவு பண்ணுவீங்க? நான் பாக்கறது மூணு விஷயம்தான். போற ஆள் "முடியாது"ங்கற பதிலையும் வாங்கிட்டு நிம்மதியா திரும்பி வர முடியுமா, பேச்சு எல்லார் முன்னாடியும் வெளிப்படையா நடக்குதா, பொண்ணுகிட்ட கேக்கறாங்களா. பரிசம் எவ்வளவு, குடும்பம் எப்படிங்கறது எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

முதல்ல ஆபிரகாமோட வழி, ஆதியாகமம் 24. இத கொஞ்சம் நின்னு நிதானமா பாக்கணும், ஏன்னா மொத்தம் 67 வசனம், ஆதியாகமத்துலயே நீளமான அதிகாரம் இதுதான், உலகம் உண்டானதுக்குக்கூட இவ்வளவு இடம் கொடுக்கல. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பொண்ணு தேட, தன்னோட வீட்டுல மூத்த ஊழியக்காரரைக் கூப்பிடறார், தனக்கு உண்டான எல்லாத்தையும் பாத்துக்கிற பொறுப்பு அவர்கிட்டதான் இருக்கு. இந்த அதிகாரம் முழுக்க அவர் பேர் வரவே இல்ல, 15ஆம் அதிகாரத்துல வர்ற தமஸ்கு ஊர் எலியேசர்தான் இவர்னு யூத மரபு சொல்லுது. தொடைக்குக் கீழ கைய வச்சு சத்தியம் வாங்கறார், கானானியர்ல பொண்ணு எடுக்கக் கூடாது, என் தேசத்துக்கு, என் இனத்தார்கிட்ட போகணும்னு.

அந்த ஊழியக்காரர் சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேக்கறார். பரிசம் எவ்வளவு, வழியில பாதுகாப்பு என்ன, பொண்ணு எப்படி இருக்கணும்னு எதையும் கேக்கல. "அந்தப் பொண்ணு என் பின்னாடி வர மனசில்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது, உங்க பையனை அங்க கூட்டிட்டுப் போகட்டுமா?" இதுதான் கேள்வி. ஆபிரகாம் அதுக்கு தெளிவா பதில் சொல்றார், பையனை அங்க திரும்பக் கூட்டிட்டுப் போகவே கூடாது, ஆனா அவளுக்கு வர மனசில்லன்னா இந்த சத்தியத்துல இருந்து நீ நீங்கலாயிருப்பேன்னு. யோசிச்சுப் பாருங்க, இன்னும் பொண்ணு யாருன்னே தெரியாது, ஒட்டகம் கிளம்பல, அதுக்குள்ள அவ "மாட்டேன்"னு சொல்றதுக்கு இடம் வச்சு, அந்த பதிலோட வந்தா தூதுவர் மேல குத்தம் கிடையாதுன்னும் பேசி வச்சுட்டாங்க. நான் சொன்ன முதல் விஷயம் இங்க கிளம்பறதுக்கு முன்னாடியே உறுதியாகுது.

பத்து ஒட்டகத்தோட நாகோரோட ஊருக்குப் போறார், சாயங்காலம் பொண்ணுங்க தண்ணி எடுக்க வர்ற நேரம், கிணத்தடியில நின்னு ஜெபம் பண்றார். எனக்கு தண்ணி கொடுத்துட்டு ஒட்டகங்களுக்கும் ஊத்தறேன்னு எவ சொல்றாளோ அவதான்னு ஒரு அடையாளம் வச்சுக்கறார். இது ஏதோ அதிர்ஷ்டத்துக்கு வச்ச டெஸ்ட் மாதிரி மேலோட்டமா தெரியும், ஆனா தாகமா இருக்கிற ஒரு ஒட்டகம் 100 லிட்டர்கூட குடிக்கும், பத்து ஒட்டகம் குடிச்சு முடிக்கிற வரைக்கும்னா அந்தப் பொண்ணு குடத்தோட எத்தனை தடவை இறங்கி ஏறியிருக்கணும், அதுவும் முன்ன பின்ன தெரியாத ஒரு வழிப்போக்கருக்கு. தூது போற ஆளுக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன மாதிரி பொண்ணு நிலைப்பாங்கறது தெரிஞ்சிருந்தாதான் இப்படி ஒரு அடையாளம் தோணும். அந்த வீட்டு வாசல்ல யார் வந்தாலும் சாப்பாடு போடற வழக்கம், 18ஆம் அதிகாரத்துல மூணு பேர் வந்தப்போ ஆபிரகாமே ஓடினார்.

அப்புறம் வீடு. அந்த அடையாளப்படியே தண்ணி ஊத்தின ரெபெக்காளுக்கு இவர் கொடுத்த நகைகளைப் பாத்துட்டு அவ அண்ணன் லாபான் ஓடி வர்றான், அரை சேக்கல் எடையில தங்க மூக்கு வளையம், கைக்கு பத்து சேக்கல் எடையில ரெண்டு கடகம். சாப்பாடு வைக்கறாங்க. இவர் வந்த காரியத்த சொல்லாம சாப்பிட மாட்டேங்கறார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். உப்பைத் தின்னுட்டா முகத்த முறிச்சுப் பேச முடியாது, இல்லன்னு சொல்ல வேண்டியவங்களுக்கும் வாய் வராது, அதனால முதல்லயே எல்லாத்தையும் போட்டு உடைச்சிடறார், கடைசியில உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க, இல்லன்னா சொல்லிடுங்க, நான் வலது பக்கமோ இடது பக்கமோ போறேன்னு முடிக்கறார்.

ஆனா இந்த தூதுவர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிற ஆள் இல்ல, இத கவனிக்காம விட்டுட்டா ஒப்பீடு முழுசாகாது. நடந்ததையும் அவர் திரும்பச் சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆபிரகாம் "என் தேசம்"னு சொன்னது இவர் வாயில "என் தகப்பன் வீடு"ன்னு வருது, கேக்கறவங்களுக்கு அது இன்னும் நெருக்கம். பையனை அங்க கூட்டிட்டுப் போகவே கூடாதுன்னு ஆபிரகாம் கண்டிச்சதை இவர் சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா பொண்ணு வீட்டுக்கு மனசு சங்கடப்பட்டிருக்கும். கிணத்தடியில முதல்ல நகைய எடுத்துட்டு அப்புறம்தான் நீ யார் மகள்னு கேட்டார், இங்க சொல்லும்போது முதல்ல கேட்டேன், அப்புறம் போட்டேன்னு மாத்தறார். மாப்பிள்ளை வீட்டு சொத்தையும், சாராள் வயசான காலத்துல பெத்த பிள்ளைக்கே எல்லாம் எழுதியாச்சுங்கறதையும் முன்னாடி கொண்டுவந்து வைக்கறார். இது பொய்யான்னு கேட்டா நான் இல்லன்னுதான் சொல்வேன், பொண்ணு வீட்டுக்கு தெரிஞ்சே ஆகவேண்டிய எதையும் அவர் மறைக்கல, முக்கியமா "வர மாட்டேன்னா என் மேல சத்தியம் கிடையாது"ங்கறதை மறைக்காம சொல்லிட்டார். அதாவது அவங்ககிட்ட மறுக்கற உரிமை இருக்குங்கறதை மாப்பிள்ளை தரப்பு ஆளே எடுத்து கையில கொடுக்கறார்.

காலையில இவர் கிளம்பணும்னு சொல்றார், அண்ணனும் அம்மாவும் பத்து நாளாவது இருக்கட்டும்னு சொல்றாங்க, பேச்சு முட்டுது. அப்போதான் பொண்ணைக் கூப்பிட்டு அவளையே கேப்போம்னு முடிவாகுது. "இந்த மனுஷனோட போறியா?" "போறேன்." இங்க நேர்மையா ஒண்ணு சொல்லணும், முந்தின ராத்திரியே லாபானும் அப்பா பெத்துவேலும் சம்மதம் சொல்லிட்டாங்க, அதனால இந்தக் கேள்வி இப்பவே போறியா, பத்து நாள் கழிச்சா போறியாங்கறதுக்குத்தான்னு ஒரு வாதம் உண்டு, அந்த வாதத்துல பலமும் இருக்கு. ஆனா 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி இந்த வசனத்துல இருந்துதான், ஒரு பெண்ணை அவ சம்மதம் இல்லாம கல்யாணம் பண்ணிக் கொடுக்கக் கூடாதுன்னு கத்துக்கறோம்னு எழுதறார். நானும் அந்தப் பக்கம்தான், ஏன்னா அந்தக் காலைப் பொழுதுல ரெபெக்காள் "மாட்டேன்"னு சொல்லியிருந்தா அந்த ஊழியக்காரர் காலி ஒட்டகத்தோட திரும்பியிருப்பார், அவர் எஜமான் அதுக்கு ஏற்கனவே ஒத்துக்கிட்டிருக்கார்.

இந்த வழியில மைனஸ் இல்லையான்னா இருக்கு, பெரிய மைனஸ். ஈசாக்குகிட்ட யாரும் எதையும் கேக்கல. 40 வயசு ஆளு, வயல்வெளியில நிக்கும்போது ஒட்டகங்கள் வர்றதப் பாக்கறார், அவ்வளவுதான். இன்னொண்ணு, தூதுவர் மேல முழு நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கு. எலியேசருக்கே ஒரு மகள் இருந்தா, அவளை ஈசாக்குக்கு கொடுக்கணும்னு அவருக்கு ஒரு ஆசை இருந்துச்சுன்னு யூத மரபுல ஒரு கதை உண்டு, ராஷியும் அத எடுத்துச் சொல்றார். கதைதான், ஆனா நடுவுல நிக்கிற ஆளுக்கும் சொந்தமா ஒரு ஆசை இருக்கலாம்னு அந்தக் காலத்து ஆட்களே யோசிச்சிருக்காங்க பாருங்க.

சரி, தூதே வேண்டாம், பையனே போகட்டும்னா? அதுக்கு ஈசாக்கோட மகன் யாக்கோபு. அதே ஊர், அதே லாபான், ஒரு தலைமுறை கழிச்சு. ஈசாக்கு பையனை தனியா அனுப்பறார், கூட ஆள் இல்ல, ஒட்டகம் இல்ல, நகை இல்ல. யாக்கோபு லாபானோட மகள் ராகேலைக் கண்ணால பாக்கறார், நேசிக்கறார், இந்த விஷயத்துல அப்பாவ விட கொடுத்து வச்சவர். ஆனா பேச்சுவார்த்தையில அவர் பக்கம் பேச ஒருத்தர்கூட இல்ல, கையில காசும் இல்ல, அதனால உழைப்பையே பரிசமா வைக்கறார், 7 வருஷம். கல்யாண ராத்திரி அவ அக்கா லேயாளை மாத்தி விட்டப்போ கேக்கறதுக்கு சாட்சி யாரு? ஒரு மூத்த ஊழியக்காரர் பக்கத்துல இருந்திருந்தா லாபான் அவ்வளவு சுலபமா அத செஞ்சிருக்க முடியாதுன்னு நான் நினைக்கிறேன். இன்னும் 7 வருஷம் போச்சு. இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது யாக்கோபோட நஷ்டம் இல்ல, 31ஆம் அதிகாரத்துல ராகேலும் லேயாளும் வாயத் திறந்து சொல்றதுதான், அப்பா எங்களை அந்நியர் மாதிரி நடத்தி வித்துட்டார், அந்தப் பணத்தையும் தின்னுட்டார்னு. ரெபெக்காள்கிட்ட கேட்ட அதே வீட்டுல, அதே லாபான், தன் மகள்கள்கிட்ட எதையும் கேக்கல. அதனால முதல் தடவை நல்லபடியா நடந்தது லாபானோட குணத்தால இல்ல, வந்த தூதுவர் பேச்சை எப்படிக் கொண்டு போனாருங்கறதாலதான்.

அடுத்தது அப்பாவே நேரா போறது. சீகேம் பட்டணத்து ஏமோர். இத ஒரு வழின்னு சொல்லவே நாக்கு கூசுது, ஏன்னா அவன் மகன் சீகேம் யாக்கோபோட மகள் தீனாளைப் பிடிச்சுக் கெடுத்த அப்புறம்தான் பொண்ணு கேட்டு வர்றாங்க. ஆனா ஒப்பீட்டுல இத விடக் கூடாது, பேச்சு எவ்வளவு அழகா இருந்தாலும் உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுக்கு இதவிட பெரிய உதாரணம் இல்ல. ஏமோர் பேசறது கேக்க எவ்வளவு நல்லா இருக்கு, என் மகன் உங்க மகள் மேல உயிரா இருக்கான், பொண்ணு கொடுங்க, பொண்ணு எடுங்க, தேசம் உங்க முன்னாடி இருக்கு, குடியிருங்க, வியாபாரம் பண்ணுங்க. சீகேம் அதுக்கும் மேல போய் பரிசமும் வெகுமதியும் எவ்வளவு வேணா கேளுங்க, தர்றேங்கறான், பிளாங்க் செக். இவ்வளவு பேச்சுல நடந்த கொடுமைய பத்தி ஒரு வார்த்தை இல்ல, மன்னிப்பு இல்ல. அதவிட முக்கியம், இந்தப் பேச்சு நடக்கும்போது தீனாள் சீகேமோட வீட்டுலதான் இருக்கா, 26ஆம் வசனத்துல அவளை அங்கிருந்து கூட்டிட்டு வரும்போதுதான் நமக்கே அது தெரியுது. பொண்ணைக் கையில வச்சுக்கிட்டு பொண்ணு கேக்கறது கேள்வியே இல்ல. அந்த அதிகாரம் முழுக்க தீனாள் ஒரு வார்த்தை பேசல.

அப்புறம் ஏமோர் ஊருக்குத் திரும்பி ஊர் வாசல்ல தன் ஜனங்ககிட்ட என்ன சொல்றான்? அவங்க ஆடு மாடு ஆஸ்தி எல்லாம் நம்மளதாகும் இல்லையான்னு. யாக்கோபு வீட்டுல இந்தப் பேச்சே எடுக்கல. அந்தப் பக்கம் யாக்கோபோட பசங்களும் வஞ்சனையாதான் விருத்தசேதன கண்டிஷன் வைக்கறாங்க, மூணாம் நாள் சிமியோனும் லேவியும் பட்டயத்தோட போய் ஊர் ஆம்பளைங்க எல்லாரையும் வெட்டறாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு பேசி ஒண்ணு வச்சிருந்த பேச்சுவார்த்தை இது. அப்பாவே போறதுல இருக்கிற ஆபத்தும் இதுல தெரியுது, மகன் செஞ்சதை மூடி மறைக்கணும்ங்கற எண்ணம் ஒரு ஊழியக்காரரை விட அப்பனுக்குத்தான் ஜாஸ்தி இருக்கும்.

இனி அரண்மனை. சவுல் ராஜா தன் மூத்த மகள் மேராபை தாவீதுக்கு தர்றேன்னு நேர்லயே சொல்லிட்டு, நேரம் வந்தப்போ ஆதரியேலுக்கு கொடுத்துட்டார். அப்புறம் இளைய மகள் மீகாள் தாவீதை நேசிக்கிறான்னு கேள்விப்படறார். பெண் ஒருத்தி ஆண் மேல வச்ச அன்பை வேதம் வெளிப்படையா சொல்றது ரொம்ப அபூர்வம், அந்த அன்பை சவுல் என்ன பண்றார்னா, கண்ணியா ஆக்கறார். ஊழியக்காரங்கள கூப்பிட்டு தாவீதுகிட்ட ரகசியமா பேசுங்க, ராஜாவுக்கு உன் மேல பிரியம், எல்லாருக்கும் உன்னை பிடிக்கும்னு சொல்லுங்கங்கறார். இங்க பொண்ணு வீட்டுல இருந்து தூது போகுது, அதுவும் ரகசியமா. தாவீது நான் ஏழை, ராஜாவுக்கு மருமகனாகறது சின்ன விஷயமான்னு சொல்றார், அவங்க வந்து அத சொல்றாங்க, பரிசம் ஒண்ணும் வேண்டாம், 100 பெலிஸ்தருடைய நுனித்தோல் போதும்னு பதில் போகுது. அந்த முயற்சியில தாவீது சாகணும்ங்கறதுதான் சவுலோட எண்ணம். தூது போனவங்களுக்கு இது தெரியுமா தெரியாதான்னு வேதம் சொல்லல, எப்படி இருந்தாலும் அவங்க ஒரு கொலைத் திட்டத்தை கல்யாணப் பேச்சுன்னு தூக்கிட்டுப் போயிருக்காங்க. வேலைய முடிச்சு தாவீது மீகாளைக் கட்டினார், அது வேற விஷயம்.

மீகாளோட கதை அங்க முடியல. தாவீது ஓடிப்போன அப்புறம் சவுல் அவளை பல்த்திங்கறவனுக்கு கொடுத்துடறார். வருஷங்கள் கழிச்சு தாவீது சவுலோட மகன் இஸ்போசேத்துகிட்ட தூது அனுப்பறார், 100 நுனித்தோல் கொடுத்து நான் வாங்கின என் மனைவிய அனுப்புன்னு. புருஷன் அழுதுக்கிட்டே பகூரிம் வரைக்கும் பின்னாடி வர்றான், சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேர் திரும்பிப் போன்னு சொன்னதும் போயிடறான். ரெண்டு தூதுலயும் மீகாள்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. முதல் தடவை அவ மனசுல அன்பு இருந்துச்சு, அப்பவும் கேக்கல, ரெண்டாவது தடவை என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, கேட்டாதானே தெரியும்.

அதே தாவீது அனுப்பின இன்னொரு தூது இருக்கு, அது எனக்கு மனசுக்கு நிறைவா இருக்கு. நாபால் செத்த அப்புறம் அவன் மனைவி அபிகாயிலுக்கு ஆள் அனுப்பறது. கர்மேல்ல இருக்கிற அவ வீட்டுக்கு ஊழியக்காரங்க போய், தாவீது உங்களை மனைவியாக்கிக்க எங்களை உங்ககிட்ட அனுப்பினார்னு அவகிட்டயே சொல்றாங்க. நடுவுல அப்பா இல்ல, அண்ணன் இல்ல, அவ ஒரு விதவை, பதில் அவளோடது. அவ எழுந்து முகங்குப்புற விழுந்து, என் ஆண்டவனோட ஊழியக்காரர் கால்களைக் கழுவற வேலைக்காரி நான்னு பதில் சொல்லி, கழுதை மேல ஏறி, அஞ்சு பெண்களைக் கூட்டிக்கிட்டு தூதுவர்கள் பின்னாடி போறா. இதுக்கு முன்னாடி இதே அதிகாரத்துல தாவீது 10 வாலிபரை அனுப்பி நாபால்கிட்ட சாப்பாடு கேட்டு அவமானப்பட்டதும், 400 பேரோட பட்டயத்தை எடுத்துக்கிட்டு கிளம்பினதும், அபிகாயில் நேர்ல போய் பேசி அந்த ரத்தப் பழிய தடுத்ததும் நடந்திருக்கு. அதனால இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்காங்க, பேச்சு எப்படின்னு தெரிஞ்சிருக்கு. தூது வெறும் முறைக்குத்தான், மனசு முன்னாடியே தெரியும். ஆனா 400 பேர் பட்டயத்தோட இருக்கிற ஒரு ஆள்கிட்ட இருந்து வர்ற கேள்விக்கு "மாட்டேன்"னு சொல்ல முடியுமாங்கறது எனக்கும் உறுத்துது, அத நான் மறைக்க விரும்பல.

பத்சேபாள் விஷயத்துல அந்த உறுத்தலுக்கு பதில் கிடைச்சிடுது. தாவீது ராஜாவா இருந்தப்போ ஆள் அனுப்பி அவளை அழைச்சுட்டு வரச் சொன்னார். அவ புருஷன் உரியா செத்து துக்கநாள் முடிஞ்சதும் மறுபடி அனுப்பி வீட்டுல சேத்துக்கிட்டார். ரெண்டு இடத்துலயும் கேள்வின்னு ஒண்ணு கிடையாது. அரண்மனையில இருந்து போற ஆட்களால "இல்ல"ங்கற பதிலோட திரும்பி வர முடியாது, அதுதான் அந்த வழியோட அடிப்படைக் கோளாறு, ராஜா நல்லவரா கெட்டவராங்கறது அப்புறம். பல வருஷம் கழிச்சு அதே பத்சேபாள், ராஜமாதாவா, சாலொமோனோட அண்ணன் அதோனியாவுக்காக, வயசான தாவீதைப் பாத்துக்கிட்ட அபிஷாக்கைக் கேட்டு, தன் மகன் சாலொமோன் ராஜாகிட்ட தூது போறாங்க. செல்வாக்கு உள்ள ஒருத்தங்க மூலமா கேட்டா நடக்கும்னு அதோனியா நினைச்சான். சாலொமோன் அத ராஜ்யத்தையே கேக்கறதா எடுத்துக்கிட்டு, அன்னைக்கே பெனாயாவ அனுப்பி அவனைக் கொன்னுட்டார். அபிஷாக்குக்கு அங்கயும் பேச்சு இல்ல.

சிம்சோன் மாதிரி அப்பா அம்மாகிட்ட "அவளை எனக்கு கட்டி வைங்க"ன்னு அடம் பிடிக்கறதை நான் சீக்கிரமா தாண்டிப் போறேன், பெத்தவங்க எவ்வளவோ சொல்லியும் கேக்காம, கடைசியில விருந்து முடியறதுக்குள்ளயே சண்டையாகி அந்தப் பொண்ணு தோழனுக்குப் போயிட்டா.

கடைசியா தோபித்துங்கற புத்தகம். கத்தோலிக்க பைபிள்ல இருக்கு, புராட்டஸ்டன்ட் பைபிள்ல இல்ல, சாக்கடல் பக்கத்துல கும்ரான் குகைகள்ல இதோட பிரதிகள் அரமேயத்துலயும் எபிரெயத்துலயும் துண்டு துண்டா கிடைச்சிருக்கு. இதுல மாப்பிள்ளை தோபியா நேர்லயே போறார், கூடவே வழித்துணையா ஒருத்தர், அசரியான்னு பேர் சொல்லிக்கிட்டு வர்ற இரபேல் தூதர். எக்பத்தானாவுல இரகுவேல் வீட்டுக்குப் போனதும் தோபியா தானா பேசாம, சகோதரரே, சாராவை எனக்குத் தரச் சொல்லி நீங்க கேளுங்கன்னு இவர்கிட்ட சொல்றார். இரகுவேல் அத கேட்டுட்டு, என்ன பண்ணியிருக்கலாம்? மகளைக் கட்டின ஏழு பேர் கல்யாண ராத்திரியே செத்திருக்காங்க, மறைச்சு கட்டி வச்சிருக்கலாம். அவர் மறைக்கல, முதல்லயே உண்மைய சொல்லிட்டு, இப்போ சாப்பிடுப்பாங்கறார். தோபியா என் விஷயம் முடிவாகாம நான் சாப்பிடவும் மாட்டேன் குடிக்கவும் மாட்டேங்கறார். ஆதியாகமம் 24ல அந்த ஊழியக்காரர் சொன்னது ஞாபகம் வருதா, அதேதான். அப்புறம் மனைவிகிட்ட ஏடு கொண்டு வரச் சொல்லி ஒப்பந்தம் எழுதறாங்க. மாப்பிள்ளையும் இருக்கார், பேச ஆளும் இருக்கு, பொண்ணு வீட்டுக் குறையும் வெளிய வந்துடுச்சு, எழுத்துலயும் ஆயிடுச்சு. யாக்கோபுக்கு கிடைக்காதது எல்லாம் தோபியாவுக்கு கிடைச்சிருக்கு. ஆனா சாராவைக் கூப்பிட்டு கையப் பிடிச்சு கொடுக்கறாங்களே தவிர, கேக்கல. இவ்வளவு நல்ல வீட்டுல அந்த ஒண்ணு மட்டும் விட்டுப் போயிடுச்சு.

இதையெல்லாம் பிற்பாடு வந்த யூத சட்டம் யோசிச்சிருக்கு. கிபி 200 வாக்குல தொகுத்த மிஷ்னாவுல கிதுஷின்னு ஒரு பகுதி, அதுல ஆண் தானாவோ தூதுவர் மூலமாவோ நிச்சயம் பண்ணிக்கலாம், பெண்ணும் தானாவோ தன்னோட தூதுவர் மூலமாவோ ஏத்துக்கலாம்னு இருக்கு, ரெண்டு பக்கத்துக்கும் அந்த உரிமை உண்டு. தூதுவருக்கு எல்லையும் உண்டு, இன்ன ஊர்ல போய் நிச்சயம் பண்ணுன்னு அனுப்பி அவன் வேற ஊர்ல பண்ணினா அது செல்லாது. எனக்காக கேளுன்னு அனுப்பின ஆள் தனக்கே அந்தப் பொண்ணை நிச்சயம் பண்ணிக்கிட்டா அவ அவனுக்குத்தான்னும் அதுலயே இருக்கு, அனுப்பினவனுக்கு ஒண்ணும் இல்ல. எலியேசரோட மகளைப் பத்தின அந்தக் கதையில இருக்கிற பயம் இங்க சட்டமாவே வந்து நிக்குது. மிஷ்னாவை விரிச்சு எழுதின தல்மூத் இன்னும் ஒரு படி மேல போய், பொண்ணைக் கண்ணால பாக்காம நிச்சயம் பண்ணக் கூடாதுன்னும், சின்ன வயசு மகளை அவ வளந்து இன்னார்தான் எனக்கு வேணும்னு சொல்ற வரைக்கும் அப்பா கொடுக்கக் கூடாதுன்னும் சொல்லுது. இது ரெண்டும் ஈசாக்கு கதையில இருக்கிற ஓட்டைய அடைக்கற மாதிரி எனக்குத் தோணுது.

பாக்காம, தெரியாம போற தூது எங்க கொண்டு போய் விடும்ங்கறதுக்கு அந்தப் பக்கத்து ராஜாங்க கதை ஒண்ணு இருக்கு. எகிப்துல அமர்னாவுல கிடைச்ச களிமண் பலகைக் கடிதங்கள்ல ஒண்ணு, கிமு 14ஆம் நூற்றாண்டு. பாபிலோன் ராஜாவோட சகோதரிய அவங்க அப்பா எகிப்து ராஜாவுக்கு கட்டிக் கொடுத்திருக்கார், அவ உயிரோட இருக்காளான்னு தெரியாம இந்த ராஜா கவலைப்படறார், அவர் ஆட்கள் அங்க போறாங்க, போனவங்களுக்கு ஒரு பெண்ணைக் காட்டறாங்க, அது அவதானான்னு இவங்களுக்கு அடையாளம் தெரியல. எகிப்து ராஜா அதுக்கு, உன் சகோதரிய தெரிஞ்ச பெரிய மனுஷன் ஒருத்தனை அனுப்பியிருக்கலாமேன்னு பதில் எழுதறார். கட்டிக் கொடுத்த வீட்டுக்கே அந்தப் பொண்ணோட முகம் தெரியாம போயிடுச்சு.

இப்போ முடிவு. அரண்மனை ஆட்களை அனுப்பறதை நான் முதல்லயே தள்ளிடுவேன், வேற எவ்வளவு வசதி இருந்தாலும். தப்பை மூடணும்னு அப்பாவே போறதும் அப்படித்தான், அந்த மாதிரி நிலைமையில பொண்ணை முதல்ல அவ வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் எந்தப் பேச்சும். கேக்கற பெண் அபிகாயில் மாதிரி தனக்குத் தானே பொறுப்பா இருக்கிறவன்னா தூது நேரா அவகிட்டயே போகணும், வேற யார்கிட்டயும் போகத் தேவையில்ல. பையன் தனியா போறது வேண்டாம், யாக்கோபு பட்டது போதும்.

மிச்சம் இருக்கிறது ஆபிரகாமோட ஊழியக்காரரும் தோபியாவோட வழித்துணையும். ஆபிரகாமுக்கு மகனை அந்த தேசத்துக்கு அனுப்பக் கூடாதுன்னு ஒரு கட்டு இருந்துச்சு, அந்த நாட்டைப் பத்தின வாக்குத்தத்தம் அதுல அடங்கியிருக்கு, மத்த அப்பாக்களுக்கு அந்தக் கட்டு இல்ல. அதனால நான் தோபித்துல இருக்கிற மாதிரி பையனையும் கூட அனுப்புவேன், பேசறதுக்கு மட்டும் அந்த மூத்த ஊழியக்காரர் மாதிரி ஒருத்தர், வெறுங்கையோட வந்தாலும் உன் மேல குத்தம் இல்லன்னு வீட்டை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லி அனுப்புவேன். ரெண்டு வீட்டுக் குறையும் சாப்பாட்டுக்கு முன்னாடி வெளிய வரணும். ஒரே ஒரு இடத்துல மட்டும் ஆதியாகமத்து வரிசைய மாத்துவேன், அங்க கிணத்தடியில நகை முதல்ல வந்துச்சு, ராத்திரி சம்மதம் வந்துச்சு, அப்புறம் வெள்ளியும் பொன்னும் துணியும் வந்துச்சு, ரெபெக்காள்கிட்ட கேட்டது மறுநாள் காலையில கடைசியாதான். கையில கடகம் ஏறின பொண்ணால அம்மா அண்ணன் முன்னாடி "மாட்டேன்"னு சொல்றது கஷ்டம். என் ஆள் மூட்டைய அவிழ்க்கறதுக்கு முன்னாடி, நகைய கண்ணுல காட்டறதுக்கு முன்னாடி, அந்தக் கேள்விய முதல் நாள் சாயங்காலமே அவகிட்ட கேக்கணும்னு சொல்லித்தான் அனுப்புவேன்.